ராசையாவின் ஐந்தாவது மாத்திரை

பக்கத்து வீட்டு லீலா போன வாரம் ஒரு மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வீட்டு வாசலுக்கே மருந்து அனுப்பும் செயலி ஒன்றில் மாமியாருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறாள். போன மாதம் நீல அட்டை வந்ததாம், இந்த மாதம் பச்சை அட்டை. "போன் பண்ணிக் கேட்டேனுங்கக்கா. கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணுதான்னு சொல்றாங்க. நெசமாலுமே ஒண்ணுதானுங்களா?" என்றாள்.

"ஒண்ணுதான். ஆனா..." என்று ஆரம்பித்தேன். அந்த 'ஆனா'வைக் கேட்டதும் லீலாவின் முகம் மாறிவிட்டது. அவளுக்கு வேண்டியது 'ஒண்ணுதான்' மட்டும். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள். அவள் கேட்காமல் விட்டுப்போன மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கொடுக்கும் வேலை பார்த்தவள் நான். பெயர் சாரதா. ஆனால் எஸ்டேட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, கம்பவுண்டரம்மா என்றால்தான் தெரியும். பிறவியிலேயே நான் சந்தேகப் பிராணி. பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பேன். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், இத்தனை பேர் இருக்க நமக்கு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று யோசிப்பேன். என் வீட்டுக்காரர் இதனால் பட்ட பாட்டைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். ஆனால் மருந்து அலமாரிச் சாவியை இப்படிப்பட்ட ஆளிடம் கொடுப்பதில் தப்பில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் படித்த படிப்பில் பாதி மறந்துவிட்டது. ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. வாயில் போட்ட மருந்தெல்லாம் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. முதலில் அது வயிற்றிலும் குடலிலும் இருக்கும் நீரில் கரைய வேண்டும். பிறகு குடல் சுவரைக் கடந்து உள்ளே போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் வண்டிக்கு இரண்டு சோதனைச் சாவடி இருந்தால் எப்படியோ, அப்படி. சில மருந்துகள் இரண்டையும் சுலபமாகத் தாண்டிவிடும். சில நன்றாகக் கரையும், ஆனால் சுவரைக் கடக்கத் திணறும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்பார்மின் அந்த ஜாதி. சிலவற்றுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை, கரைவதுதான் பெரும்பாடு. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இந்த ஜாதியில் சேர்ந்தது. இரண்டிலும் மாட்டிக்கொள்ளும் மருந்துகளும் உண்டு. பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதற்கு என்ன அர்த்தம் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் டாக்டர் பெயர் போஜன், சொந்த ஊர் இத்தலார். உயரமான மனிதர், குரல் மட்டும் மெல்லியது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வைத்திருந்தார்.

"காய்ச்சல் விட்டுருச்சுங்க டாக்டர்."

"எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பார்த்தேனுங்க."

"உங்க கை அடுப்புல காஞ்சிட்டு வந்திருந்தா?"

இதற்குமேல் பேச முடியாது, தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அவரே எழுதிய மருந்துச் சீட்டை அவரே ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து வாசித்துப் பார்த்த பிறகுதான் என்னிடம் தருவார். நான் மருந்தை எடுத்ததும் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவரும் வாங்கிப் பார்த்து ஒருமுறை சொல்வார். புதிதாக வந்த நர்ஸுகள் ஒரு மாதத்தில் ஓடிப் போனார்கள். எனக்கோ பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. என்னைவிடச் சந்தேகப்படும் ஒரு மனிதரிடம் வேலை பார்ப்பது எவ்வளவு நிம்மதி என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

மருந்து வந்து இறங்கினால் நான் செய்யும் சடங்கு ஒன்று உண்டு. டப்பாவின் சீல், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எல்லாம் பார்ப்பேன். மாத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் புள்ளி, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். முகர்ந்து பார்ப்பேன். கடைசியாக ஒரு மாத்திரையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு அது உடைவதைப் பார்ப்பேன். உடைந்தால் நல்ல மாத்திரை என்பது என் கணக்கு. ஒருநாள் டாக்டர் அந்த டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"உடைஞ்சிருச்சு. கரைஞ்சிருச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே டாக்டர்."

"கருங்கல்ல ஜல்லியா உடைச்சா கல்லு கரைஞ்சிருச்சுன்னு அர்த்தமுங்களா? ஏலத்துல டீத்தூளப் பார்த்து மட்டுமா வெல வைக்கறாங்க? தண்ணியில சாயம் எப்படி எறங்குதுன்னு குடிச்சுப் பார்த்துல்ல வைக்கறாங்க?"

சரிதான் என்று தலையாட்டினேன். ஆனாலும் டம்ளரை விடவில்லை, வேறு கருவி எதுவும் என்னிடம் இல்லையே.

எங்கள் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழையும் மூடுபனியும் சேர்ந்த மாதங்களில் துவைத்த துணி ஒரு வாரம் கொடியில் தொங்கும். உப்பு நீராகும், தீப்பெட்டி உரசாது. அந்தக் காலத்தில் எங்களுக்கு மாத்திரைகள் ஆயிரம் ஆயிரமாகப் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் உதிரியாக வரும். மூடியைத் திறந்து திறந்து எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு மழைக்காலத்துக்குள் பாதி மாத்திரை பொதபொதவென்று ஊறிவிடும். இதற்கு எஸ்டேட்டில் நான் வருவதற்கு முன்பிருந்தே ஒரு வழி வைத்திருந்தார்கள். சாயங்காலம் திறந்த டப்பாக்களையெல்லாம் ஒரு கூடையில் வைத்து ஃபேக்டரிக்கு அனுப்பிவிடுவோம். தேயிலையைச் சூட்டில் உலர்த்தும் ட்ரையர் ரூமின் சுவரை ஒட்டி ஒரு மர அலமாரி இருந்தது. இரவெல்லாம் மாத்திரைகள் அங்கே கதகதப்பாகத் தூங்கும். காலையில் கூடை திரும்பி வரும். தேயிலையைக் காப்பாற்றுகிற சூடு மருந்தைக் காப்பாற்றாதா என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

ஃபேக்டரி டீ மேக்கர் தாமஸுக்கு அந்த அலமாரியில் பெருமை அதிகம். டீ மேக்கர் என்றால் தேநீர் போடுகிறவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிட வேண்டாம், ஃபேக்டரி முழுக்க அவர் அதிகாரத்தில்தான் ஓடும். தேவர்சோலைப் பக்கத்திலிருந்து வந்தவர், தமிழில் அங்கங்கே மலையாளம் எட்டிப் பார்க்கும். "எண்டெ ட்ரையர் ரூம் இல்லேன்னா உங்க ஆஸ்பத்திரி மாத்திரை மொத்தமும் கஞ்சி அல்லே மேடம்?" என்பார். உண்மையும் அதுதான். அலமாரியில் தூங்கிய மாத்திரைகள் எந்த மழைக்கும் அசையாமல் கல்லுப்போல இருக்கும். கல்லுப்போல இருக்கும் மாத்திரைதான் நல்ல மாத்திரை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ராசையா அந்த ஃபேக்டரியில் இலையை நசுக்கி அரைக்கும் ரோலர் மெஷினில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். நாற்பது வயதை ஒட்டி அவருக்கு வலிப்பு வந்தது. டாக்டர் ஃபெனிட்டாயின் எழுதினார், இரவுக்கு மூன்று மாத்திரை. வலிப்பு நின்றது. ஆனாலும் மெஷின் பக்கம் விடக் கூடாது என்று பாக்கிங் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்சம் சம்பளம் குறைந்தது, அதை அவர் பொறுத்துக்கொண்டார். சில மாதம் கழித்து மறுபடி விழுந்தார்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று நான் உடனே முடிவு கட்டினேன். இதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது, பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். வீட்டுக்கு மாத்திரை கொடுப்பதை நிறுத்தினேன். வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கண்முன்னே விழுங்க வேண்டும் என்றேன். தினமும் வந்தார். "வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க. கன்னத்துக்குள்ள காட்டுங்க" என்பேன். கேட்டதையெல்லாம் காட்டிவிட்டுப் போவார். அப்படியும் விழுந்தார். அப்படியானால் வெளியே போய்த் துப்புகிறாரோ, வாந்தி எடுக்கிறாரோ என்று அவர் பின்னாலேயே வார்டு ஆயாவை அனுப்பினேன். அதையும் செய்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் அவருடைய ஈறுகளைப் பார்த்தார். இந்த மருந்தை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடிக்கும். "கொஞ்சம் தடிச்சிருக்கு. மருந்து உள்ள போகுது. ஆனா பத்தல" என்றார். மூன்று நாலாயிற்று. அப்படியும் நிற்கவில்லை. நாலு ஐந்தாயிற்று. ஐந்தாவது மாத்திரையில் வலிப்பு நின்றது.

"அஞ்சு எனக்குப் புடிக்கல" என்றார் டாக்டர். கோயம்புத்தூருக்கு ரத்தம் அனுப்பி மருந்தின் அளவைப் பார்த்துவிட வேண்டும் என்றார். ராசையா கையெடுத்துக் கும்பிட்டார். "இப்பத்தான் விழாம இருக்கேன் ஐயா. இப்பிடியே விட்டுருங்களேன்" என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போயிற்று.

இந்தச் சமயத்தில் மருந்து சப்ளை செய்யும் ஆளைத் தலைமை அலுவலகம் மாற்றியது. புதிய ஆள் அனுப்பிய ஃபெனிட்டாயின் ஒவ்வொன்றும் அலுமினிய அட்டைக்குள் அடைத்து வந்தது. பழைய சப்ளையில் சீல் உடைக்காத டப்பா ஒன்று ஸ்டோரில் இருந்தது, அதைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார்கள். எனக்குப் புதுக் கம்பெனியின் பெயரே பிடிக்கவில்லை. கேள்விப்படாத பெயர், அச்சும் மங்கல். ஒரு மாத்திரையைத் தண்ணீரில் போட்டேன். தொட்டதுமே பொலபொலவென்று உதிர்ந்து பால் மாதிரி கலங்கிவிட்டது. பழைய மாத்திரையோ வெகுநேரம் கிடந்து, பிறகு ரவை ரவையாகத்தான் அடியில் இறங்கும்.

"டாக்டர், இது டூப்ளிகேட்டுங்க."

"எப்படித் தெரியும்?"

"பழசு கல்லு மாதிரி இருக்கும். இது வெறும் மாவுங்க."

இதையே கொடுங்கள் என்று அட்டையைத் திருப்பித் தந்தார். பழைய டப்பாவில் மீந்திருந்த மாத்திரைகளை நான் பத்திரமாக எடுத்து வைத்தேன். ராசையா விழப் போகிறார், அன்றைக்கு இந்தக் கம்பெனியைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று காத்திருந்தேன். ஒரு மனிதர் விழுவதற்குக் காத்திருந்தேன் என்று இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அவருக்கு வலிப்பு வரவில்லை. ஆனால் நடை மாறியது. கால்களை அகட்டி வைத்து நடந்தார். பேச்சு குழறியது. ஒரு மத்தியானம் தாமஸ் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தார். பாக்கிங்கிலிருந்து ட்ரையர் ரூம் பக்கம் போனவர், தள்ளாடி, சூடான ட்ரையரின் மேல் சாயப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஒருவர் பிடித்து இழுத்திருக்காவிட்டால் முகம் வெந்திருக்கும்.

"டியூட்டியில குடிச்சிட்டு வந்திருக்கான் டாக்டரே. சர்ட்டிபிகேட் எழுதித் தரணும்" என்றார் தாமஸ். குடித்துவிட்டு வேலைக்கு வந்தது நிரூபணமானால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். ராசையாவுக்கு அந்த ஒற்றை அறையும் சமையல்கட்டும் தவிர உலகத்தில் வேறு இடம் கிடையாது.

"குடிக்கல்ல ஐயா" என்றார் ராசையா. அந்த வார்த்தையே குடிகாரன் சொல்வது மாதிரி குழறிக்கொண்டு வந்தது.

டாக்டர் ஒரு விரலை அவர் முகத்துக்கு முன்னால் இடமும் வலமும் மெதுவாக நகர்த்தினார். விரலின் பின்னால் போன கண்கள் ஓரத்தில் போய் நிற்காமல் துடித்துத் துடித்து ஆடின. "பாத்தீங்களா" என்றார் தாமஸ். டாக்டர், "சாராயத்துக்கும் இப்படி ஆடும், இந்த மாத்திரை மிஞ்சிப் போனாலும் இப்படி ஆடும். எதுன்னு ரத்தம்தான் சொல்லணும்" என்றார். பிறகு அவர் செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. "தாமஸ், நீங்க போகாதீங்க. நாங்க ராசையாவுக்குச் சாதகமா ரத்தத்த மாத்திட்டோம்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க" என்றார். தாமஸுக்கு எதிரிலேயே ரத்தம் எடுத்தோம். குழாயின் மூடியைச் சுற்றி ஒட்டிய பிளாஸ்திரியின் மேல் தாமஸ் கையெழுத்துப் போட்டார். ஐஸ் வைத்த பெட்டியையும் அவர் கையாலேயே மூடினார். ஜீப் கோயம்புத்தூருக்கு இறங்கியது. ராசையாவை வார்டில் படுக்க வைத்து, அன்றைய மாத்திரையை டாக்டர் நிறுத்தினார்.

சாயங்காலம் அவருடைய மனைவி பாக்கியம் வந்தார். கொழுந்து பறிக்கும்போது கட்டும் சாக்கு ஈரத்தோடு இடுப்பிலேயே இருந்தது. புருஷனிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கம்பவுண்டரம்மா, மணமே இல்லாத சாராயம்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ரெண்டு வாரமா மோந்து மோந்து பாக்கிறேன். வாயில ஒரு மணமும் இல்ல. ஆனா தள்ளாடுறாரு. பொம்பளப்புள்ள தலையில கைய வச்சுச் சத்தியம் பண்ணாரு. அப்பவும் எனக்கு நம்பிக்கை வரல்லம்மா." சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் ராசையா மேல் நம்பிக்கை வரவில்லை. என் கணக்கு எனக்கு. மாத்திரை போலி என்றால் வலிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஆகவே குடிதான்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் மஸ்டரில், எல்லோரும் கூடியிருக்கும்போது, தாமஸ் ராசையாவின் பெயரைச் சொல்லியே எச்சரித்தார். குடித்துவிட்டு வந்தால் இதுதான் கதி என்றார். அது லைன் வீடுகள் இருக்கும் லயம் முழுக்கப் பரவிவிட்டது.

ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் சாராயம் துளிகூட இல்லை. ஃபெனிட்டாயின் இருக்க வேண்டிய எல்லையைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

தாமஸ் அதை இரண்டு முறை படித்தார். "அப்போ இவனுக்கு இவ்வளவு மருந்து யாரு கொடுத்தது?" என்று என்னைப் பார்த்தார். டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"சாரதா, அஞ்சுதானுங்களே குடுத்தீங்க?"

"அஞ்சுதானுங்க டாக்டர்."

"எப்படித் தெரியும்?"

அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எனக்கு வலித்தது அன்றைக்குத்தான். உண்மையைச் சொல்லிவிட்டு, அது போதாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மாத்திரை எடுத்த காலி அட்டைகளைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினேன். எண்ணிப் பாருங்கள் என்றேன். அவர் நிஜமாகவே உட்கார்ந்து எண்ணினார். சரியாக இருந்தது.

"அப்ப கம்பெனிக்காரன்தான் ஒரு மாத்திரையில ரெண்டு மாத்திரை மருந்து அடைச்சிருக்கான்" என்றேன். நேற்றுவரை வெறும் மாவு என்று சொன்ன அதே வாய்.

"நீங்க கம்பெனி மாறினத மட்டும் பார்க்கறீங்க. வேற என்ன மாறுச்சு?" என்று கேட்டார் டாக்டர். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இது ராத்திரி ஆஸ்பத்திரியிலயே இருக்குது. பழைய டப்பா எங்க தூங்குச்சு?" என்றார்.

மூன்று பொட்டலம் கட்டி மருந்து சோதிக்கும் கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். புது அட்டையிலிருந்து கொஞ்சம், தினமும் ட்ரையர் ரூமுக்குப் போய் வந்த பழைய டப்பாவிலிருந்து நான் எடுத்து வைத்திருந்தது கொஞ்சம், இன்னும் திருப்பி அனுப்பாமல் ஸ்டோரில் சீல் உடையாமல் இருந்த அதே பழைய கம்பெனி டப்பாவிலிருந்து கொஞ்சம். அங்கே உடம்புச் சூட்டில் இருக்கும் நீரில் மாத்திரையைப் போட்டு, துடுப்பு போன்ற ஒன்றால் ஒரே வேகத்தில் கலக்கிக்கொண்டே, எவ்வளவு மருந்து நீரில் இறங்குகிறது என்று அவ்வப்போது எடுத்து அளப்பார்கள். முடிவு வந்தபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. எந்தக் கம்பெனியும் திருடவில்லை. மூன்றிலும் மருந்து முழுசாக இருந்தது. புது அட்டையும் சீல் உடையாத பழைய டப்பாவும் ஒரே மாதிரி கரைந்தன. எங்கள் டப்பா மட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கரைந்தது. பகலில் பனியைக் குடித்து, இரவில் சூட்டில் வறண்டு, மாதக்கணக்கில் இப்படியே போய் வந்து அது நிஜமாகவே கல்லாகிவிட்டிருந்தது. டப்பா புதிதாக இருந்தபோது மூன்று மாத்திரை ராசையாவுக்குப் போதுமானதாக இருந்ததும், டப்பா பழசாகப் பழசாக அவர் விழ ஆரம்பித்ததும் அதனால்தான்.

ஐந்து கல்லை விழுங்கி அவர் உடம்பு மூன்று மாத்திரை அளவுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தது. நல்ல மாத்திரை வந்ததும் ஐந்தும் கரைந்து ஐந்தும் உள்ளே போய்விட்டது. இந்த மருந்தைக் கழிக்கக் கல்லீரலுக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஒரு மாத்திரை கூடினாலும் ரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும். போலி என்று நான் ஒதுக்கப் பார்த்த மாத்திரைதான் யோக்கியமான மாத்திரை. அதன் யோக்கியம்தான் அவரைத் தள்ளாட வைத்தது.

"அஞ்சுன்னு எழுதினது நானுங்க" என்றார் டாக்டர். அன்று சாயங்காலம் தாமஸ் ட்ரையர் ரூம் அலமாரியைக் கழற்றிக் கொல்லைப்புறம் போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ராசையா தேறினார். மறுபடி மூன்று மாத்திரையில் நிறுத்தினோம், வலிப்பும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. விசாரணையைக் கைவிட்டு, அவர்மேல் குற்றமில்லை என்று எஸ்டேட் மேனேஜர் கடிதம் கொடுத்தார். ராசையா அதை வாங்கவில்லை.

"காயிதம் எனக்கு எதுக்கு ஐயா? லயத்துல எவன் வாசிப்பான்? மஸ்டர்ல நின்னு குடிகாரன்னு சொன்னாருல்ல தொரை. அதே மஸ்டர்ல நின்னு இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. எம் பொஞ்சாதி அங்கதான் நிப்பா."

தாமஸுக்கு மனசே இல்லை. டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். கடைசியில் ஒரு காலை வந்து நின்று சொன்னார். நானும் போயிருந்தேன். ராசையா குடிக்கவில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நியாயமான மனிதர், காரணத்தையும் சொன்னார். டப்பாவில் வைத்திருந்த மாத்திரை கல்லாகிவிட்டது, உடம்பில் கரையவில்லை என்றார். பாக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் மற்றவர்கள் காதில் ராசையா விழவில்லை, கல்தான் விழுந்தது.

"அப்ப நாங்க முழுங்கினதெல்லாம்?" என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். பிரஷர் மாத்திரைக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், ஆளுக்கொரு டம்ளர். எங்கள் கண்முன்னே போடுங்கள், கரைகிறதா பார்க்கிறோம் என்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருடம் இந்த ஜனங்களுக்கு மருந்து கொடுத்தவளையா என்று நினைத்தேன். ஆனால் என்ன சொல்லி மறுப்பது? உடைவது வேறு, கரைவது வேறு, டம்ளரில் அது தெரியாது என்று சொன்னால் இன்னும் சந்தேகம்தான் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். அந்த மழைக்காலம் முழுக்க என் வேலை டம்ளர் கழுவுவதாகவே இருந்தது.

ராசையாவும் அந்த வரிசையில் நின்றிருந்தார். அவர் முறை வந்ததும் நானாகவே ஒரு டம்ளரில் வெந்நீர் ஊற்றி, மாத்திரைகளோடு அவர் முன்னால் நகர்த்தினேன். எல்லோரையும்விட அவருக்குத்தானே அந்த உரிமை. அவர் டம்ளரை எடுத்து, மூன்று மாத்திரையையும் வாயில் போட்டு, அந்த வெந்நீரையே குடித்துவிட்டார்.

"நீங்க பார்க்கலீங்களா?" என்றேன்.

"என்னத்த பாக்குறது?" வாயைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை. "சந்தேகப்பட உங்களுக்கெல்லாம் வசதி இருக்கும்மா. நா உங்கள நம்பலன்னா வலிப்பு வந்து விழுவேன். எனக்கு வேற யாரு மருந்து குடுப்பா?"

டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, பின்னால் நின்ற பெண்ணுக்கு வழிவிட்டு வெளியே போனார். அந்தப் பெண் தன் டம்ளரை என் பக்கம் நீட்டினார். நான் அவர் மாத்திரையை எடுத்தேன், பெயரைச் சத்தமாகப் படித்தேன், டம்ளரில் போட்டேன்.